சர்க்கரை கோர்க்கும் கொக்கி: லெலோயிர் பத்தி வாசகர் கேள்விகள்

போன இதழ்ல பால்ல இருக்குற சர்க்கரையைப் பத்தி எழுதும்போது அர்ஜென்டினா விஞ்ஞானி லூயிஸ் ஃபெடரிக்கோ லெலோயிர் பேரை ஒரே ஒரு வரியில சொல்லிட்டுப் போயிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கேள்வி வந்திருக்கு, அதனால இந்த வாரம் முழுக்க அவரும் அவரோட சர்க்கரையும்தான்.

கேள்வி: பி.எஸ்சி பயோகெமிஸ்ட்ரி ரெண்டாம் வருஷம் படிக்கிறேன் சார். யூடிபி-குளுக்கோஸ்னு பாடத்துல வருது, மனப்பாடம் பண்ணி எழுதிடறேன், ஆனா கண்ணுக்கே தெரியாத அதை ஒருத்தர் எப்படித்தான் கண்டுபிடிச்சிருப்பார்னு புரியவே இல்ல. (மாணவி, திருச்சி)

பதில்: இப்படிக் கேக்குற பிள்ளைங்களைப் பார்த்தாலே சந்தோஷமா இருக்கும்மா, கொஞ்சம் நீளமாவே சொல்றேன். 1947ல புயனோஸ் ஐரெஸ்ல ஒரு சின்ன வீட்டுல லெலோயிரும் நாலஞ்சு பேரும் ஆராய்ச்சிக்கூடம் ஆரம்பிக்கிறாங்க, பணம் கொடுத்தவர் துணி ஆலை முதலாளி ஹைமே கம்போமார். கூட இருந்த ரன்வெல் கப்புட்டோவுக்கு பால் சுரப்பியில லாக்டோஸ்ங்கிற பால் சர்க்கரை எப்படி உருவாகுதுன்னு தெரிஞ்சுக்க ஆசை, ஆனா அந்த வழி நேரா பிடிபடல, சரி உருவாகுறது தெரியலைன்னா உடையறதைப் பார்ப்போம்னு திரும்பி, லாக்டோஸ் உடைஞ்சா வர்ற கேலக்டோஸைத் தின்னு வளர்ற ஒரு ஈஸ்ட்டைப் பிடிச்சாங்க.

ஈஸ்ட்டோட சாறுல கேலக்டோஸைப் போட்டா முதல்ல அது மேல ஒரு பாஸ்பேட் ஒட்டுது, அப்புறம் அது குளுக்கோஸ் பாஸ்பேட்டா மாறுது. இதுவரைக்கும் சரி. ஆனா அந்த சாறை சுத்தம் பண்ணப் பண்ண வேலை நின்னு போச்சு, என்சைம் இருக்கு, கேலக்டோஸ் இருக்கு, ஆனா ஒண்ணும் நடக்க மாட்டேங்குது. கொதிக்க வச்ச ஈஸ்ட் சாறு கொஞ்சம் ஊத்தினா மறுபடி ஓடுது. கொதிக்க வச்சா என்சைம் செத்துடும் இல்லையா, அப்போ சூடு தாங்குற ஏதோ ஒரு சின்ன மூலக்கூறு துணைக்கு வேணும், சுத்தம் பண்றோம்னு நாமதான் அதைக் கழுவி வெளிய ஊத்திட்டோம்னு அர்த்தம். இந்த இடத்துல நிறைய பேர் அலுத்துப்போய் வேற வேலைக்குப் போயிருப்பாங்க. இவங்க அந்தக் காணாமப்போன பொருளைத் தேடினாங்க, தேடினா அது ஒண்ணில்ல ரெண்டு. முதல்ல கிடைச்சது குளுக்கோஸ்-1,6-பிஸ்பாஸ்பேட், 1948ல. ரெண்டாவது ரொம்ப நாள் ஆட்டம் காட்டுச்சு, புறஊதா ஒளியில 260 நானோமீட்டர் பக்கம் உறிஞ்சுது, அப்படின்னா ஆர்என்ஏல வர்ற அடினோசின் மாதிரி ஏதோ ஒண்ணா இருக்கணும், ஆனா ஒளியை உறிஞ்சுற வளைகோடு அடினோசினோட பொருந்தல. கடைசியில அதே வகையைச் சேர்ந்த யூரிடினோட வளைகோடு அச்சாகி வந்தப்போ அதை எடுத்து வச்சுப் பார்த்தா அப்படியே ஒட்டிப் பொருந்துது. 1950ல யூரிடின் டைபாஸ்பேட் குளுக்கோஸ், சுருக்கமா யூடிபி-குளுக்கோஸ்னு உலகத்துக்கு சொன்னாங்க.

நீ மனப்பாடம் பண்றப்போ இதையும் சேர்த்து நினைச்சுக்கோ: ஒரு சர்க்கரையை இன்னொரு சர்க்கரையோட சும்மா ஒட்டுன்னா ஒட்டாது, அதுக்கு சக்தி வேணும். யூடிபிங்கிறது குளுக்கோஸ் முதுகுல மாட்டின கொக்கி மாதிரி, என்சைம் அந்தக் கொக்கியைப் பிடிச்சு குளுக்கோஸைக் கொண்டுபோய் வேண்டிய இடத்துல கோர்த்துட்டு கொக்கியை மட்டும் கழட்டி விட்டுடும். அடுத்தடுத்த வருஷங்கள்ல இதே மாதிரி வேற கொக்கிகளும் வந்துச்சு, செடியில ஸ்டார்ச் கோர்க்குற ஏடிபி (ADP)-குளுக்கோஸ் உட்பட. 1970ல கெமிஸ்ட்ரி நோபல் அவர் ஒருத்தருக்கே கிடைச்சது இதுக்குத்தான்.

கேள்வி: உடம்பு குளுக்கோஸைக் கோர்த்து சேமிச்சு வைக்கிற கிளைக்கோஜன் எப்படி உருவாகுதுன்னு கோரி தம்பதி ஏற்கனவே கண்டுபிடிச்சு நோபல் வாங்கிட்டாங்களே, அப்போ லெலோயிர் புதுசா என்ன பண்ணார்? (ஆசிரியர், மதுரை)

பதில்: கோரி தம்பதி கண்டுபிடிச்ச பாஸ்பாரிலேஸ் என்சைம் டெஸ்ட் ட்யூப்ல ரெண்டு பக்கமும் ஓடும், உடைக்கவும் செய்யும் கோர்க்கவும் செய்யும், அதனால உடம்புலயும் அதுதான் கோர்க்குதுன்னு எல்லாரும் நம்பினாங்க. 1957ல லெலோயிரும் அவரோட சகா கார்டினியும் கோர்க்குற வேலைக்கு யூடிபி-குளுக்கோஸை வச்சு ஓடுற தனி என்சைம் இருக்குன்னு காட்டினாங்க. கொஞ்ச நாள்லயே மனுஷன்கிட்ட இருந்தே சாட்சி கிடைச்சது, மெக்கார்டில் நோய் இருக்கிறவங்க தசையில அந்த பாஸ்பாரிலேஸே இல்ல, ஆனா கிளைக்கோஜன் குறையாம, வழக்கத்தை விட அதிகமாவே சேர்ந்து கிடந்துச்சு. உருவாக்குறதும் உடைக்கிறதும் வேற வேற பாதைன்னு ஆயிடுச்சு. லெலோயிர் 1944ல செயின்ட் லூயிஸ்ல அந்த கோரி தம்பதியோட லேப்லயே வேலை பார்த்தவர், அவங்களோட சேர்ந்து 1947 நோபலைப் பகிர்ந்துக்கிட்ட பெர்னார்டோ ஹூசாய்தான் இவருக்கு முதல் குரு, அந்த ரெண்டு வீட்டுப் படிப்பும் சேர்ந்துதான் இது வந்துச்சுன்னு நான் நினைக்கிறேன்.

கேள்வி: எனக்கு சுகர் இருக்கு, மூணு மாசத்துக்கு ஒருதடவை ஹெச்பிஏ1சி எடுக்கிறேன். ஹீமோகுளோபின்ல சர்க்கரை ஒட்டியிருக்குன்னு சொல்றாங்க, அப்போ அதுவும் கிளைக்கோபுரோட்டீன்னு சொல்ற சர்க்கரை கோர்த்த புரோட்டீன்தானா? (வாசகர், ஈரோடு)

பதில்: இல்லைங்க, இதுல படிச்சவங்களே குழம்புவாங்க. ஹெச்பிஏ1சியில என்சைம் கிடையாது, ரத்தத்துல குளுக்கோஸ் அதிகமா சுத்தினா அதுவா போய் ஹீமோகுளோபின்ல ஒட்டிக்குது, சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோட இருக்குறதால அந்த ஒட்டலைப் பார்த்து கடந்த ரெண்டு மூணு மாசக் கணக்கு தெரியுது. கிளைக்கோபுரோட்டீன்ல ஒட்டுறது அப்படி இல்ல, எந்த இடத்துல, எந்த சர்க்கரை, எந்த வரிசையிலன்னு ஒவ்வொண்ணுக்கும் தனி என்சைம் வச்சு உடம்பு பார்த்துப் பார்த்துக் கோர்க்குது.

கேள்வி: அப்படிப் பார்த்துப் பார்த்துக் கோர்த்து என்னதான் லாபம்? சர்க்கரைன்னா சக்தி, அவ்வளவுதானே? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: உங்க ரத்த குரூப்பை எடுத்துக்கோங்க. ஏ-க்கும் பி-க்கும் வித்தியாசம் சிவப்பணு மேல இருக்குற சர்க்கரைக் கிளையோட நுனியில இருக்கிற ஒரே ஒரு சர்க்கரைதான், ஏ குரூப்புக்கு அசிட்டைல்கேலக்டோசமின், பி குரூப்புக்கு கேலக்டோஸ், ஓ குரூப்புல அந்த நுனி காலி. அந்த சர்க்கரையை கொண்டுவந்து வைக்கிறதும் லெலோயிரோட யூடிபி கொக்கிதான். இன்னும் ஒருபடி உள்ள போனா, கிளையில ஃப்யூகோஸ்னு ஒரு சர்க்கரை வைக்கிற என்சைம் சில பேருக்கு வேலை செய்யாது, அவங்களுக்கு ஏ, பி, ஓ எல்லாத்துக்கும் அடித்தளமான எச் அமைப்பே வராது. 1952ல மும்பையில பெண்டேயும் சகாக்களும் கண்டுபிடிச்ச பாம்பே குரூப் இதுதான். அவங்களுக்கு ஓ ரத்தம்கூட ஏத்த முடியாது, இன்னொரு பாம்பே குரூப் ஆள்தான் வரணும். ஒரு சர்க்கரை குறைஞ்சா ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல சொந்தக்காரங்க போன்ல அலைய வேண்டியிருக்கு, இதை சக்தி கணக்குல எப்படிங்க சேர்க்கிறது?

நோபல் வந்த 1970லயே லெலோயிர் அடுத்த கேள்விக்குப் போயிட்டார். சகா பெஹ்ரென்ஸோட சேர்ந்து, ஈரல் செல்லோட சவ்வுல டாலிக்கால்னு ஒரு நீளமான கொழுப்பு வாலு குளுக்கோஸை வாங்கி வச்சுக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. அந்த வால் மேல 14 சர்க்கரை கொண்ட ஒரு மரமே அடுக்கி, மொத்தமா புரோட்டீனுக்கு மாத்திடுதுங்கிறது போகப் போகத் தெரிஞ்சது. அந்த 14ல 3 குளுக்கோஸ், அதையெல்லாம் செல் உடனே வெட்டிடும். வெட்டப்போறதை ஏன் வைக்கணும்? லெலோயிரோட அதே இன்ஸ்டிட்யூட்ல வளர்ந்த அர்மாண்டோ பரோடி இதுக்கு ஒரு அழகான பதில் கண்டுபிடிச்சார், புரோட்டீன் சரியா மடியலைன்னா ஒரு என்சைம் வந்து ஒரு குளுக்கோஸைத் திரும்ப ஒட்டிவிடும், அந்த அடையாளம் இருக்குற வரைக்கும் அது வெளிய போகாது, மறுபடி மடிஞ்சு பார்க்கணும். எனக்கு இந்தத் துறையிலயே ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான்.

கேள்வி: உடைஞ்ச நாற்காலியில உக்காந்து நோபல் வாங்கின ஏழை விஞ்ஞானின்னு அவரைப் பத்தி ஒரு ஃபார்வர்ட் வந்துச்சு, நிஜமா? (வாசகர், சென்னை)

பதில்: நாற்காலி நிஜம், வைக்கோல் பின்னின நாற்காலியை கயிறு போட்டுக் கட்டி அதுல உக்காந்திருக்குற போட்டோ இருக்கு. ஏழைங்கிறது தப்பு, அவர் பெரிய நிலச்சுவான்தார் குடும்பம், ஏழ்மை ஆராய்ச்சிக்கூடத்துக்குத்தான். அந்தக் கூடம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, கொழுப்பு அமில வேலை பண்ணின காலத்துல, குளிர்விக்கிற சென்ட்ரிஃப்யூஜ் (வேகமா சுத்திப் பொருளைப் பிரிக்கிற மெஷின்) இல்லாம டயர் ட்யூபுக்குள்ள ஐஸும் உப்பும் நிரப்பி மெஷினைச் சுத்திக் கட்டி ஓட்டியிருக்காங்க. 1943ல ஜனநாயகம் திரும்பணும்னு அறிக்கையில கையெழுத்துப் போட்டதுக்காக ஹூசாயை வேலையை விட்டு எடுத்தாங்க, லெலோயிரும் பதவியை விட்டுட்டு அமெரிக்கா போனார், ஆனா அங்கேயே தங்கல, 1945ல திரும்பி வந்துட்டார். 1957ல கம்போமார் இறந்து பண உதவி நின்னப்போகூட ஊரை விட்டுப் போகல. நோபல் பணத்தையும் இன்ஸ்டிட்யூட்டுக்கே கொடுத்தார். 1987 டிசம்பர் 2ல இறக்குற வரைக்கும் அவர்தான் டைரக்டர்.

கேள்வி: பேரன் பிறந்து ஒரு வாரத்துல மஞ்சள் காமாலை, வாந்தி. கேலக்டோசீமியான்னு சொல்லி தாய்ப்பாலே கொடுக்கக்கூடாதுன்னுட்டாங்க. மருமகளோட பால்லதான் ஏதோ கோளாறுன்னு சொந்தத்துல பேசுறாங்க, அந்தப் பொண்ணு அழுதுட்டே இருக்கு. (ஒரு பாட்டி, தஞ்சாவூர்)

பதில்: அம்மா, முதல்ல உங்க மருமகளைக் கூப்பிட்டு இதைப் படிச்சுக் காட்டுங்க: அவங்க பால்ல எந்தக் கோளாறும் இல்ல. எல்லாத் தாய்ப்பால்லயும், பசும்பால்லயும்கூட லாக்டோஸ் இருக்கும், அது வயித்துல உடைஞ்சு பாதி கேலக்டோஸ் ஆகும். அந்தக் கேலக்டோஸை மாத்துறதுக்கு உடம்புல இருக்குற வழிக்குப் பேரே லெலோயிர் பாதைதான், அந்த ஈஸ்ட்ல பார்த்தாங்களே அதே பாதை. அதுல நடுவுல வர்ற ஒரு என்சைம் குழந்தைக்கு வேலை செய்யல, அதனால கேலக்டோஸ் பாஸ்பேட் தேங்கி ஈரலைக் கெடுக்குது. இது அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்டயும் ஒளிஞ்சிருந்த ஜீன் குழந்தைகிட்ட ஒண்ணு சேர்றதால வர்றது, ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்ல, அதனால இதுல குத்தம்னு யாருமே இல்ல. அடுத்த குழந்தைக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, அதனால அடுத்த பிரசவத்துக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட இதைச் சொல்லிடுங்க.

இப்போதைக்கு டாக்டர் எழுதிக்கொடுக்குற லாக்டோஸ் இல்லாத சோயா பவுடர்தான் கொடுக்கணும், ஆசைக்குன்னு ஒரு ஸ்பூன் பால்கூட வேண்டாம், வர்ற வீட்டுக்காரங்ககிட்டயும் கண்டிப்பா சொல்லிடுங்க. பால் நிறுத்தினா ஈரல் பெரும்பாலும் தேறி வரும். கண்ணுல புரை விழுதான்னு பார்க்கச் சொல்லுங்க, பேச்சு வர்றதுல சில குழந்தைகளுக்கு தாமதம் ஆகும், அதனால செக்கப்பை விடாதீங்க. மருந்து வாங்கும்போது, சிரப்போ மாத்திரையோ, லாக்டோஸ் சேர்த்திருக்கான்னு பார்மசியில ஒருதடவை கேட்டுட்டு வாங்குங்க.