தகப்பனின் வேலையும் மகனின் வேலையும்: சேர்த்துப் போட வேண்டிய கணக்கு

பூதலூரிலிருந்து எழுதியுள்ள ஐயா அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி மகனைப் பற்றியது. உங்களைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது. துவாக்குடியில் கொதிகலன் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்கூடம் ஒன்றில் 25 ஆண்டுகளாகத் தரச் சோதனை மேற்பார்வையாளராக இருந்த உங்களை, 51 வயதில், ஆண்டு ஒப்பந்தத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்பதே அந்த வரி. பொறியியல் இறுதியாண்டு கணினி அறிவியல் படிக்கும் மகனுக்கு எந்த வேலை பாதுகாப்பானது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் எழுதும் முன் உங்களைப் பற்றிய அந்த வரியைத்தான் நான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏனெனில் டெல்டாவில் நம்மைப் போன்ற குடும்பங்களில், பிள்ளை நல்ல வேலைக்காக எத்தனை ஆண்டு காத்திருக்கலாம் என்பதைத் தகப்பனின் சம்பளம் எத்தனை ஆண்டு தடையின்றி வரும் என்பதே முடிவு செய்கிறது.

முதலில் இளைஞர் பக்கம் நடப்பதைச் சொல்கிறேன். மென்பொருள் நிறுவனங்கள் புதிதாகச் சேர்ந்த பட்டதாரிகளிடம் முன்பு கொடுத்துவந்த சிறு வேலைகளை, அதாவது நிரலில் சிறு திருத்தங்கள் செய்வது, சோதித்துப் பார்ப்பது, ஆவணம் எழுதுவது ஆகியவற்றை இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு அனுபவசாலி ஒருவரே முடித்துவிட முடிகிறது. 2025 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்க நிறுவனங்களின் சம்பளப் பட்டியல்களைக் கொண்டு வெளியிட்ட ஆய்வில், இந்தத் தொழில்நுட்பத்தின் தாக்கம் மிகுந்த பணிகளில் 22 முதல் 25 வயது வரை உள்ளவர்களின் வேலைவாய்ப்பு ஒப்பீட்டளவில் 13 விழுக்காடு சரிந்திருப்பதும், அதே பணிகளில் உள்ள மூத்தவர்களுக்கு அத்தகைய சரிவு இல்லை என்பதும் தெரியவந்தன. அது அமெரிக்க நிலவரம். அப்படியே நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. ஆயினும் இந்தியாவிலும் வேலையின்மையின் சுமை இளையோர் மீதே கூடுதலாக விழுகிறது. 2023-24ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி ஒட்டுமொத்த வேலையின்மை 3.2 விழுக்காடாக இருக்கையில், 15 முதல் 29 வயது வரையிலானவர்களிடையே அது 10.2 விழுக்காடாக இருந்தது. நாற்றங்கால் போடும் செலவை ஏற்காமல் வளர்ந்த நாற்றை மட்டும் விலைக்குத் தேடும் மிராசுதாரைப் போல, பல நிறுவனங்கள் இன்று பயிற்சி கொடுக்காமலேயே பயிற்சி பெற்றவர்களைத் தேடுகின்றன.

அப்படியானால் மூத்தவர்கள் நிம்மதியாக இருக்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. 2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனம் தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்களைக் குறைக்கப் போவதாக அறிவித்தபோது, அதில் பெரும்பான்மையினர் இடைநிலையிலும் மேல்நிலையிலும் இருந்தவர்கள். செய்து காட்டும் திறன் உள்ளவருக்கும், சான்றளித்துக் கையெழுத்திடும் உரிமை உள்ளவருக்கும் எந்த நிறுவனத்திலும் மதிப்பு இருக்கிறது. மேற்பார்வை மட்டுமே செய்பவர் ஆர்டர் குறையும் முதல் ஆண்டிலேயே குறைக்கப்படுவோர் பட்டியலில் சேர்க்கப்படுகிறார். உங்களுக்கு நேர்ந்திருப்பதும் அதுவே என்று கருதுகிறேன்.

அரசுப் பணியில் நிலைமை வேறு. தமிழ்நாடு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020இல் 58-லிருந்து 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. பணியில் இருந்தவர்களுக்கு அது வரமாக அமைந்தது, வாசலில் நின்றவர்களுக்குக் காலியிடங்கள் தள்ளிப்போயின. அங்கும்கூட உள்ளே போய்விட்டால் கவலையில்லை என்ற பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டிருக்கிறது. பணியில் இருக்கும் ஆசிரியர்களிலும், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் கூறியதை நீங்களும் படித்திருப்பீர்கள். ஐம்பது வயதில் தேர்வுக்குப் படிப்பது இனி வியப்புக்குரிய செய்தியாக இருக்காது.

உங்கள் மைத்துனர் சிங்கப்பூர் யோசனை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2025 ஜூலை 1 முதல் அந்நாடு ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர்களின் உச்ச வயதை 60-லிருந்து 63 ஆக உயர்த்தி, இத்தனை ஆண்டுதான் இருக்கலாம் என்ற வரம்பையும் நீக்கிவிட்டது உண்மைதான். திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கங்களில் பல வீடுகளுக்கு இது நல்ல செய்தி. ஆனால் இதனால் பயன் பெறுபவர் அங்கே ஏற்கெனவே கைத்தொழில் தேர்ந்தவர். பட்டம் முடித்த உங்கள் மகனை ஏஜெண்டுக்குப் பணம் கட்டி அந்தப் பெர்மிட்டில் அனுப்புவது படித்த நான்கு ஆண்டுகளையும் வீணாக்கும்.

இனி உங்கள் காரியத்துக்கு வருகிறேன். நிரந்தரப் பணியிலிருந்து ஒப்பந்தத்துக்கு மாற்றியபோது பழைய பணியை முடித்துக் கணக்கு தீர்த்தார்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. தீர்த்திருந்தால் உங்களுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) வந்திருக்க வேண்டும். ஓராண்டுப் பணிக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்பது கணக்கு. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 25 ஆண்டுகளுக்கு 3,75,000 ரூபாய் ஆகிறது. பணி முடிந்த 30 நாட்களுக்குள் அது கைக்கு வர வேண்டும். பணித் தொடர்ச்சி துண்டிக்கப்படவில்லை என்று நிர்வாகம் சொல்லுமானால், அதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வருங்கால வைப்பு நிதி பழைய எண்ணிலேயே மாதாமாதம் செலுத்தப்படுகிறதா என்பதையும் பாஸ்புக்கில் பார்த்துவிடுங்கள். ஒப்பந்தம் நின்றுபோனாலும் அவசரப்பட்டு வைப்பு நிதி ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டாம். 50 வயதுக்குப் பிறகு முன்கூட்டியே பெற வழி உண்டு என்றாலும், 58 வயதுக்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு வீதம் குறைந்து, அந்தக் குறைவு ஆயுள் முழுவதும் நீடிக்கும்.

அடுத்ததாக, உங்கள் அனுபவத்துக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். திருச்சி பெல் வளாகத்தில் 1975 முதல் இயங்கும் பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனம், பற்றவைப்பு ஆய்வாளர்களுக்கும் பொருளைச் சேதப்படுத்தாமல் குறை காணும் சிதைவில்லாச் சோதனை செய்பவர்களுக்கும் பயிற்சி வகுப்புகளை நடத்துகிறது. அல்ட்ராசோனிக் (மீயொலி), ரேடியோகிராபி (ஊடுகதிர்) சோதனைகளில் லெவல் டூ, அதாவது இரண்டாம் நிலைச் சான்றிதழ் உங்களிடம் இருந்து காலாவதியாகியிருந்தால் புதுப்பித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இந்த ஒப்பந்த ஆண்டு முடிவதற்குள் பெற்றுவிடுங்கள். ஆண்டுதோறும் கண் பரிசோதனை கேட்பார்கள், கண்ணாடி அணிந்து தேறலாம். சான்றிதழுடன் இருக்கும் 52 வயது ஆய்வாளரை எடுத்துக்கொள்ள வேறு தொழிற்கூடங்களும், ஒப்பந்தக்காரர்களுக்காகத் தரச் சோதனை செய்து கொடுக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. சான்றிதழ் இல்லாத மேற்பார்வையாளருக்கு, அவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், இந்தக் கதவு திறப்பது கடினம்.

மகனைப் பற்றி: குரூப் 4 தேர்வுக்காக இரண்டு ஆண்டு வீட்டிலிருந்து படிக்கட்டும் என்ற உங்கள் வீட்டார் யோசனையை நான் ஏற்கவில்லை. 2025 ஜூலையில் நடந்த தேர்வுக்கு, அறிவிப்பின்போது இருந்த 3,935 இடங்களுக்கு ஏறத்தாழ 13 லட்சத்து 89 ஆயிரம் பேர் விண்ணப்பித்தனர். பின்னர் இடங்கள் கூட்டப்பட்டன. அப்படியும் போட்டியின் கடுமை குறைந்துவிடவில்லை. வேலையில் இருந்துகொண்டே எழுதட்டும். வங்கி எழுத்தர் தேர்வுக்கு வயது வரம்பு 28 என்பதால் அதையும் சேர்த்து எழுதலாம். உங்கள் ஒப்பந்தம் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்பட வேண்டிய நிலையில், வருமானமில்லாத இரண்டு ஆண்டுகளை அவனுக்கு வாக்களிக்கக்கூடிய இடத்தில் நீங்கள் இல்லை. கேட்கக் கசப்பாக இருந்தாலும் இதை அவனிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. 21 வயதுப் பிள்ளைக்குக் குடும்பத்தின் கணக்கு தெரிய வேண்டும்.

முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பளத்தையும் நிறுவனத்தின் பெயரையும் இரண்டாவதாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தான் எழுதியதை உட்கார்ந்து பார்த்துத் தவறு சொல்ல மூத்தவர் ஒருவர் அங்கே இருக்கிறாரா என்பதை நேர்காணலிலேயே அவன் கேட்கலாம். அப்படிக் கேட்பவனை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். 2024 செப்டம்பரில் தஞ்சாவூரில் திறக்கப்பட்ட மினி டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்காவிலுள்ள சிறு நிறுவனங்களும் இந்த வகையில் பார்க்கத் தக்கவை. வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பதால் குறைந்த சம்பளமும் கட்டுப்படியாகும். பட்டதாரிகளுக்கான மத்திய அரசின் தொழிற்பழகுநர் திட்டத்தில் தேர்வு முடிவு வந்தவுடன் பதிவு செய்துவிடட்டும். ஓராண்டு உதவித்தொகையுடன் பயிற்சி கிடைக்கும். திருச்சியின் பெரிய ஆலைகள் பழகுநர்களை எடுப்பது வழக்கம்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. கல்லூரியில் இறுதியாண்டுத் திட்டப் பணிக்கு எல்லோரும் இணையத்திலிருந்து ஒரே மாதிரியானவற்றை எடுத்து வைக்கிறார்கள். நேர்காணல் செய்பவருக்கு அது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். உங்கள் தொழிற்கூடத்தில் பற்றவைப்புச் சோதனை முடிவுகள் இன்னும் பேரேட்டில்தான் எழுதப்படுகின்றன என்றால், நிர்வாகத்தின் அனுமதியோடு அவற்றைப் பதிந்து, எந்த மூட்டில், எந்த வெல்டரிடம், எந்த வகைக் குறை திரும்பத் திரும்ப வருகிறது என்று காட்டும் ஒரு மென்பொருளை அவன் செய்யலாம். நிரலை எழுத அவன் செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தினாலும் குற்றமில்லை. ஆனால் துளைக் குறைக்கும் விரிசலுக்கும் உள்ள வேறுபாட்டை அந்தக் கருவி அவனுக்குக் காட்டிக் கொடுத்தாலும், உங்கள் கூடத்தில் எது ஏற்கப்படும், எது திருப்பி அனுப்பப்படும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவனுக்கு எவரிடமும் இல்லாத ஒரு திட்டப் பணி கிடைக்கும். கணினியில் பதிவு வைக்கத் தெரிந்த ஆய்வாளர் என்ற பெயர் உங்களுக்கு வரும்.

கடைசியாக, சென்னையிலுள்ள பயிற்சி நிலையம் வேலை உறுதி என்று சொல்லி இரண்டரை லட்சம் கேட்பதும், அதற்காக மூன்று மா (ஏறத்தாழ ஓர் ஏக்கர்) நிலத்தை ஒத்திக்கு வைக்க நினைப்பதும். வேண்டாம், ஐயா. வேலை தருவதாக யாரும் எழுத்தில் உறுதி கொடுப்பதில்லை. அவர்கள் கொடுக்கும் தாளில் 'வேலைவாய்ப்பு உதவி' என்றுதான் அச்சிட்டிருக்கும், எடுத்துப் பாருங்கள். சம்பா அறுவடையில் வரும் நெல் உங்கள் சம்பளம் நின்ற ஆண்டிலும் வீட்டுக்கு வரும் என்பதால் அந்த நிலம் இப்போதைக்கு இருக்கட்டும்.

அடுத்த வாரம் நேரில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வைப்பு நிதிப் பாஸ்புக், ஒப்பந்தக் கடிதம், பழைய சம்பளச் சீட்டுகள், மகனின் எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்கள் ஆகியவற்றை எடுத்து வாருங்கள். அரியர் இருந்தால் மறைக்க வேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள். தொழிற்பழகுநர் பதிவுக்குப் பட்டம் முழுமையாக முடிந்திருக்க வேண்டும் என்பதால், எதை எப்போது எழுதி முடிப்பது என்பதை அன்றே குறித்துவிடலாம்.