அப்பா வெளிநாட்டில், வீட்டில் அம்மாவும் பாட்டியும்: இது எந்த வகைக் குடும்பம்?

கேள்வி: குடும்ப வகைகளையும் குடும்பத்தின் பணிகளையும் சமூகவியல் எப்படிப் பார்க்கிறது? என் அப்பா வெளிநாட்டில் வேலை செய்கிறார். நான் அம்மாவோடும் அம்மாவைப் பெற்ற பாட்டியோடும் இருக்கிறேன். எங்கள் குடும்பம் எந்த வகையில் வரும்?

பதில்:

உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. முதன்முதலாகச் சமூகவியல் வகுப்புக்குப் போனபோது எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. எனக்கு ஆறு வயதிருக்கும்போது அப்பா எங்களை விட்டுப் போய்விட்டார். அம்மா வேலைக்குப் போனார், சித்தி என்னை வளர்த்தார். எங்களுடையதைப் போன்ற வீட்டுக்குப் பாடப்புத்தகத்தில் இருந்த பெயர் 'சிதைந்த குடும்பம்'. அந்தச் சொல்லை மனப்பாடம் செய்து தேர்விலும் எழுதினேன். எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது இன்னும் நினைவிருக்கிறது. எங்கள் வீட்டில் எது சிதைந்திருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

பிறகு பல வருடம் இதே பாடத்தை நானே நடத்திவிட்டேன். அந்தச் சந்தேகம் சரியானதுதான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். ஒரு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது ஒரு கேள்வி. அந்த வீட்டில் நடக்க வேண்டிய வேலைகளை யார் செய்கிறார்கள் என்பது வேறு கேள்வி. முதலாவதை வைத்து இரண்டாவதை ஊகிப்பதுதான் குடும்பத்தைப் பற்றிய பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம். சமூகவியலும் அந்தத் தவறைச் செய்து, மெல்ல மெல்லத் திருத்திக்கொண்டதுதான்.

வகைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். பெற்றோரும் திருமணமாகாத பிள்ளைகளும் மட்டும் என்றால் தனிக்குடும்பம். தாத்தா, பாட்டி, சித்தப்பா, அத்தை என்று நீண்டால் விரிந்த குடும்பம் அல்லது கூட்டுக்குடும்பம். ஒரு பெற்றோர் மட்டும் இருப்பது, மறுமணத்தில் இரண்டு தரப்புப் பிள்ளைகளும் சேர்ந்து வாழ்வது, ஒருபாலினத் தம்பதியர், பிள்ளை இல்லாத தம்பதியர் எல்லாம் தனித்தனி வகைகள். வம்சம் யார் வழியில் எண்ணப்படுகிறது, மணமானவர்கள் யார் வீட்டில் குடியேறுகிறார்கள் என்பதை வைத்தும் பிரிப்பார்கள்.

பணிகளுக்கு வருவோம். மானுடவியலாளர் ஜார்ஜ் மர்டாக் 1949-ல் 250 சமூகங்களின் தகவல்களை ஒப்பிட்டு, தனிக்குடும்பம் எல்லா இடத்திலும் இருக்கிறது என்றார், தனியாகவோ பெரிய குடும்பத்துக்குள் ஓர் அலகாகவோ. அது செய்யும் பணிகள் நான்கு என்பது அவர் கணக்கு: பாலுறவை ஒழுங்குபடுத்துவது, பிள்ளை பெறுவது, பொருளாதார ஒத்துழைப்பு, பிள்ளைகளுக்குக் கற்பிப்பது. இந்த நான்கையும் வேறெந்த அமைப்பாலும் இப்படிச் சேர்த்துச் செய்ய முடியாது என்பது அவர் முடிவு.

ஆனால் பத்தே ஆண்டில் அதை அசைக்கும் ஆய்வுகள் வந்தன. கேத்லீன் கஃப் 1959-ல் கேரளத்து நாயர்களின் பழைய தாய்வழி அமைப்பைப் பற்றி எழுதினார். கணவர் என்று வருபவர் இரவில் வந்து போவார், அவ்வளவுதான். பிள்ளைகள் தாய் பிறந்த தறவாட்டில், அதாவது தாய்வழிக் கூட்டு வீட்டில், வளர்ந்தார்கள். அதை நிர்வகித்தவர் காரணவர், பெரும்பாலும் தாய்மாமன். பெற்ற தகப்பனுக்குப் பிள்ளையைக் காப்பாற்றும் பொருளாதாரப் பொறுப்பு எதுவும் இல்லை. மர்டாக் சொன்ன பணிகள் எல்லாம் நடந்தன. ஆனால் அவர் சொன்ன ஆட்கள் அவற்றைச் செய்யவில்லை.

இஸ்ரேலின் கிபுட்ஸ் குடியிருப்புகள், அதாவது உழைப்பையும் சொத்தையும் பொதுவில் வைத்து வாழ்ந்த கூட்டுக் குடியிருப்புகள், இன்னொரு உதாரணம். பிள்ளைகள் 'குழந்தைகள் இல்லம்' ஒன்றில் தங்கி வளர்ந்தார்கள். பெற்றோரோடு இருந்தது மாலையில் சில மணி நேரம்தான். 1954-ல் மெல்ஃபோர்ட் ஸ்பைரோ இதைக் காட்டி, குடும்பம் எங்கும் உள்ள ஒன்றுதானா என்று கேட்டார். சில ஆண்டுகளில் அவரே தன் பதிலை மறுபடி யோசித்தார். அப்புறம் பெற்றோர்களே பிள்ளைகளை இரவில் தங்களோடு வைத்துக்கொள்ள விரும்பினார்கள், 20-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்த இல்லங்கள் மறைந்துவிட்டன. எனவே எந்தப் பணியையும் யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைக்கு 'இவர் என்னுடையவர்' என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதில்தான் சமூகத்துக்குச் சமூகம் வித்தியாசம்.

அமெரிக்கச் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் இதைத்தான் வேறு வழியில் நெருங்கினார் என்று எனக்குத் தோன்றும். தொழிற்சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் வந்த பிறகு குடும்பத்தின் பழைய வேலைகள் பலவும் வெளியே போய்விட்டன. அப்படியானால் குடும்பத்தில் மிஞ்சியது என்ன? 1955-ல் அவர் சொன்ன பதில்: இரண்டு. ஒன்று, பிள்ளைக்கு முதல் சமூகமயமாக்கம், அதாவது ஒரு குழந்தையைச் சமூகத்தின் ஆளாக ஆக்குவது. மற்றது, பெரியவர்களின் மனத்தை நிலைப்படுத்துவது. வெளியே அடிபட்டு வருபவர் வீட்டில் இளைப்பாறி மறுநாளைக்குத் தயாராகிறார். பின்னால் வந்தவர்கள் இதை 'வெந்நீர்க் குளியல்' கோட்பாடு என்று சொல்லத் தொடங்கினார்கள். இதற்கு ஆண் சம்பாதிப்பவர், பெண் அன்பு காட்டுபவர் என்ற வேலைப் பிரிவினையையும் பார்சன்ஸ் சேர்த்தே வைத்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பார்சன்ஸைப் படித்த இரவு எனக்கு சித்தி ஞாபகம்தான் வந்தது. நான் பேசக் கற்றது அவரிடம், பிறர் பொருளைத் தொடக்கூடாது என்று கற்றது அவரிடம், காய்ச்சலில் கிடந்தால் விடிய விடியப் பக்கத்தில் இருந்தது அவர். அம்மா வேலை முடிந்து வந்து அழுதால் கேட்டதும் அவர். இரண்டு பணிகளையும் ஒருவரே செய்துகொண்டிருந்தார். சித்தி அழுதால் யார் கேட்டார்கள்? எனக்கு அப்போது அது தோன்றவே இல்லை. குடும்பம் பெரியவர்களைத் தேற்றுகிறது என்றால், தேற்றுபவரை யார் தேற்றுவது?

இந்தக் கேள்வியைத்தான் பெண்ணியச் சமூகவியல் எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பே 1884-ல் எங்கெல்ஸ் ஒரு பாதை போட்டிருந்தார். ஆண் தன் சொத்தைத் தன் பிள்ளைக்குத்தான் விட்டுச்செல்கிறோம் என்று உறுதி செய்துகொள்ள ஒருதார மணத்தைப் பெண்மீது சுமத்தினான் என்பது அவர் வாதம். அவர் நம்பியிருந்த மானுடவியல் தகவல்கள் பல இன்று நிற்கவில்லை, ஆனால் குடும்பத்துக்குள் அதிகாரம் இருக்கிறது என்று சொன்னது நிற்கிறது. ஆன் ஓக்லி லண்டனில் 40 இல்லத்தரசிகளைப் பேட்டி கண்டு 1974-ல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் வாரத்துக்குச் சராசரியாக 77 மணி நேரம் வீட்டு வேலை செய்வதாகக் கணக்கிட்டார். வீட்டு வேலையை 'வேலை' என்று எண்ணிப் பார்த்ததே அப்போது புதிது. 1989-ல் ஆர்லி ஹோக்‌ஷீல்ட், சம்பளத்துக்குப் போகும் பெண்கள் வீடு திரும்பி இரண்டாவது ஷிஃப்ட் பார்க்கிறார்கள் என்றார். அமெரிக்கக் கணக்குகளின்படி அது ஆண்களை விட ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு முழு மாதம் கூடுதல் வேலை. 'குடும்பம் செய்கிறது' என்று நாம் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்திலும் குடும்பம் என்பதை எடுத்துவிட்டு ஓர் ஆளின் பெயரைப் போட்டுப் பார்த்தால் படம் மாறும். சில வீடுகளில் அடியும் வாயடைப்பும் கூட அந்த நான்கு சுவர்களுக்குள்தான் நடக்கின்றன. பணிகளின் பட்டியல் மட்டும் எழுதினால் அது விடுபட்டுப் போகும்.

இன்னொரு நம்பிக்கை: 'முன்பெல்லாம் எல்லோரும் கூட்டாக வாழ்ந்தார்கள், தொழிற்சாலை வந்து எல்லாவற்றையும் உடைத்தது.' எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பீட்டர் லாஸ்லெட் இங்கிலாந்தின் 100 ஊர்களின் 1574 முதல் 1821 வரையான பதிவுகளைப் பார்த்தபோது சராசரி வீட்டில் 4.75 பேர்தான் இருந்தார்கள். மைக்கேல் ஆண்டர்சன் 1851 மக்கள்தொகைக் கணக்கில் பிரெஸ்டன் என்ற பருத்தி ஆலை நகரத்தை ஆராய்ந்தார். அங்கே 23 சதவீத வீடுகளில் பெற்றோர், பிள்ளைகள் தவிர வேறு உறவினரும் இருந்தார்கள், லாஸ்லெட் கண்ட பழைய ஊர்களை விட அதிகம். அம்மா ஆலைக்குப் போனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி தேவைப்பட்டார். பாட்டிக்குத் தங்க இடம் தேவைப்பட்டது. தேவைதான் அந்த வீட்டைப் பெரிதாக்கியது. இதை உங்களுக்காகவே எடுத்து எழுதுகிறேன்.

இந்தியாவிலும் இப்படி ஒரு திருத்தம் நடந்தது. ஒரே கூரை, ஒரே அடுப்பு, பொதுச் சொத்து, பொது வழிபாடு என்று ஐராவதி கார்வே கூட்டுக்குடும்பத்தை வரையறுத்தார். ஐ.பி. தேசாய் 1964-ல் குஜராத்தின் மஹுவா நகரத்தை ஆராய்ந்து வெளியிட்டபோது, ஒரே கூரை என்பதை அளவுகோலாகக் கொள்ளக்கூடாது என்றார். வேறு வேறு வீட்டில் இருந்தும் சொத்தும் வருமானமும் கடமையும் சேர்ந்தே இருக்கலாம். வீடு வேறு, குடும்பம் வேறு. என்னைப் பொறுத்தவரை குடும்பச் சமூகவியலில் மிகவும் பயன்படும் வரி இதுதான்.

சரி, அப்படியானால் வடிவத்துக்கு எந்த விளைவும் இல்லையா? இருக்கிறது, மறைக்கக்கூடாது. அமெரிக்காவில் சாரா மெக்லனஹனும் கேரி சாண்டஃபரும் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், ஒற்றைப் பெற்றோரிடம் வளர்ந்த பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விடும் வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு வலித்தது. ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. அந்த வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதியைக் குறைந்த வருமானமே விளக்கியது. மீதியில் அடிக்கடி வீடு மாறுவது, மேற்பார்வைக்கு ஆள் போதாதது போன்றவை இருந்தன. அதாவது நின்றுபோன பணிகளைத்தான் அவர்கள் கண்டுபிடித்தார்கள். அவற்றை வேறொருவர் எடுத்துச் செய்யும்போது கதை மாறும். கரோல் ஸ்டாக் 1974-ல் ஏழைக் கறுப்பின மக்களின் குடியிருப்பு ஒன்றைப் பற்றி எழுதியதில் இதைப் பார்க்கலாம். வெளியிலிருந்து பார்த்தவர்கள் 'சிதைந்தவை' என்று சொன்ன வீடுகளுக்கு இடையே பணமும் பொருளும் பிள்ளைகளின் பராமரிப்பும் ஓயாமல் கைமாறிக்கொண்டிருந்தன. ஒரு வீட்டுக் கதவோடு கணக்கை முடித்தவர்களுக்கு அது தெரியவில்லை.

1990-களில் டேவிட் மார்கன் இதற்கு ஒரு நல்ல சொல் கொடுத்தார்: குடும்ப நடைமுறைகள். குடும்பம் என்பது நாம் இருக்கும் ஒன்று என்பதை விட நாம் அன்றாடம் செய்யும் ஒன்று என்கிறார்.

இனி உங்கள் வீடு. தேர்வுக்கு என்றால் 'மூன்று தலைமுறை விரிந்த குடும்பம், தாய்வழி உறவோடு சேர்ந்து வாழ்வது' என்று எழுதுங்கள், தவறில்லை. அப்பா நாடு கடந்து இருந்துகொண்டு பணமும் முடிவுகளும் அனுப்புகிறார் என்பதால் 'நாடுகடந்த குடும்பம்' என்ற பெயரும் பொருந்தும். தேசாய் பார்வையில் உங்கள் அப்பா அந்த வீட்டின் ஆள்தான், கூரை மட்டும்தான் வேறு. பிலிப்பைன்ஸ் குடும்பங்களை ஆராய்ந்த ராசெல் பாரெனாஸ், வெளிநாடு போன அம்மாக்களின் வேலையைப் பெரும்பாலும் அங்கேயே இருந்த அப்பாக்கள் எடுத்துக்கொள்ளவில்லை, பாட்டிகளும் அத்தைகளும் அக்காக்களும்தான் எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதினார். உங்கள் வீட்டில் போனவர் அப்பா, ஆனாலும் பாட்டி எதற்கு வந்து சேர்ந்தார் என்று பாருங்கள்.

விடையில் கூடுதலாக ஒரு பத்தி எழுத இடம் இருந்தால், பணிகளை வரிசையாகப் போட்டு ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் வீட்டில் அதைச் செய்பவர் யார் என்று எழுதுங்கள். பணம், முடிவு, உங்கள் படிப்பு, நோய் வந்தால் பக்கத்தில் இருப்பது, அம்மா சோர்ந்தால் பேசுவது. பாட்டி சோர்ந்தால் என்று ஒரு வரியும் சேருங்கள். நான் என் வீட்டுக்கு அப்படி எழுதியது மிகவும் தாமதமாக, சித்தி போன பிறகு. அந்த ஒரு வரிக்கு எதிரே நான் எழுத யார் பெயரும் இல்லை.