பரிணாமத்தைப் பினாங்கில் நேரில் பார்க்க முடியுமா?

"கல்லூரியில் உயிரியல் படிக்கிறேன், பரிணாமம் என்றால் எனக்கு உயிர், பினாங்கில் எதைப் போய்ப் பார்க்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகக் கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) போங்கள். அங்கே பூச்சிகளைக் குடுவைக்குள் விழவைத்துச் செரிக்கும் குடுவைச் செடிகள் உண்டு. அவற்றில், குடுவையின் வாய் விளிம்புக்குச் சற்றுக் கீழே வெள்ளைப் பட்டை ஓடும் இனத்தைத் தேடுங்கள். அந்தப் பட்டை முழுக்க நுண்ணிய மயிர்கள். அவற்றைத் தின்னக் கறையான்கள் மொய்க்கும். கால் இடறிக் கூட்டமாக உள்ளே விழும். குடுவையோ இலை நுனியின் நீட்சிதான். சத்தில்லாத மண்ணில், பூச்சியிலிருந்து கொஞ்சம் நைட்ரஜன் கூடுதலாகப் பெற்ற செடிகள் அதிக விதைகளை உண்டாக்கின. தலைமுறை தலைமுறையாக அந்தச் சிறு வேறுபாடு சேர்ந்துகொண்டே வந்து, இலை நுனி குடுவையானது. செடி எதையும் திட்டமிடவில்லை. பரிணாமத்தைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். அப்புறம், தயவுசெய்து பறித்துவிடாதீர்கள். ஒரு பூதக்கண்ணாடி போதும், பட்டையின் மயிர்கள் தெரியும்.