பழுப்புச் சேறு எங்கிருந்து வந்தது? இரும்பு அசிட்டைலசிட்டோனேட் பற்றி ஒரு விளக்கம்

கேள்வி: சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றில் வேதியியல் படிக்கிறேன். பெர்ரிக் குளோரைடு கரைசலில் முதலில் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டேன், பிறகு அசிட்டைலசிட்டோன் ஊற்றினேன். இரும்பு அசிட்டைலசிட்டோனேட்டின் சிவப்புப் படிகம் வரவில்லை, பழுப்புச் சேறுதான் கிடைத்தது. எங்கே பிசகினேன்? அடுத்து மஞ்சளில் உள்ள குர்குமினை ஈனியாக (உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறாக) வைத்து இதையே செய்து பார்க்கலாமா? (யீஷூன் வாசகி)

பதில்: சேர்த்த வரிசைதான் பிசகு. இரும்பு(III) அயனிக்குக் காரம் பட்டால் போதும், நீரில் கரையாத ஹைட்ராக்சைடாக வீழ்ந்துவிடும், உங்கள் பழுப்புச் சேறு அதுதான். பி.எச். 2, 3-ஐத் தாண்டும்போதே இது தொடங்கிவிடுகிறது. அந்த ஹைட்ராக்சைடிலிருந்தே அணைவுச் சேர்மத்தை, அதாவது உலோகத்தை ஈனிகள் சூழ்ந்து பற்றிய பொருளை, செய்யும் முறையும் உண்டு. ஆனால் அதில் புதிதாக வீழ்ந்ததைக் காரம் போகக் கழுவிய பிறகே ஈனியைச் சேர்ப்பார்கள். உங்கள் குடுவையில் காரம் அப்படியே மிஞ்சியிருந்தது.

ஆனாலும் காரமே வேண்டாம் என்று விட்டுவிட முடியாது. அசிட்டைலசிட்டோனின் இரண்டு கார்பனைல்களுக்கு (C=O) நடுவே இருக்கும் ஹைட்ரஜன் ஒன்று புரோட்டானாகக் கழன்றால்தான் அது எதிர்மின் ஈனியாகி, இரு ஆக்சிஜன்களாலும் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். ஓர் இரும்புக்கு மூன்று ஈனி, ஆகவே மூன்று புரோட்டான் வெளியே வரும். அவற்றை வாங்கிக்கொள்ள ஆளில்லையென்றால் கரைசல் அமிலமாகி வினை பாதியில் நின்றுவிடும். சோடியம் அசிட்டேட் இதற்குப் பொருத்தமானது. புரோட்டானை வாங்கிக்கொள்ளும், பி.எச்.சை 4, 5-க்கு மேல் அதிகம் ஏறவும் விடாது.

2.7 கிராம் பெர்ரிக் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட்டை 25 மி.லி. நீரில் கரையுங்கள். நம் ஊர்க் காற்றில் அது சட்டென்று ஈரத்தை இழுத்துக் கசிந்துவிடும், புட்டியைத் திறந்தால் விரைவாக எடைபோட்டு மூடிவிடுங்கள். 4 மி.லி. அசிட்டைலசிட்டோனை 10 மி.லி. மெத்தனாலில் கலந்து, கலக்கிக்கொண்டே மெதுவாக ஊற்றுங்கள். உடனே கரைசல் ஆழ்ந்த சிவப்பாகும். அத்துடன் வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஒன்றோ இரண்டோ ஈனி மட்டும் ஏறிய, நீரில் கரையும் அயனிகளும் சிவப்பாகவே இருக்கும். 5 கிராம் சோடியம் அசிட்டேட் ட்ரைஹைட்ரேட்டை 15 மி.லி. நீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்த பிறகுதான் மூன்றாம் ஈனியும் ஏறி, மின்சுமையற்ற மூலக்கூறு சிவப்புத் தூளாக வீழும். 80 டிகிரி நீர்த்தொட்டியில் கால் மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, பனிக்கட்டியில் குளிர்வித்து வடிகட்டுங்கள். குளிர்ந்த நீர் கொஞ்சமாக விட்டுக் கழுவினால் போதும், பொருள் நீரில் சிறிதளவு கரையும். முழு விளைச்சல் கிடைத்தால் 3.5 கிராம் வர வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அசிட்டைலசிட்டோனின் தீப்பற்றுநிலை ஏறக்குறைய 34 டிகிரிதான். குளிர்சாதனம் இல்லாத அறையில் நம் பகல் வெப்பமே அதை நெருங்கிவிடும். புகைப்போக்கிப் பெட்டிக்குள் வையுங்கள், சுடர் எதுவும் அருகில் கூடாது.

உங்களிடம் இருக்கும் சேற்றைக் கொட்டிவிடாதீர்கள். உலர்த்தி, சிறிது டொலுயீனில் குலுக்குங்கள். அணைவுச் சேர்மம் சிவப்பாகக் கரையும், ஹைட்ராக்சைடு பழுப்பாக அடியில் தங்கும். வடிகட்டியதைச் சுண்டவைத்து ஹெக்சேன் விட்டால் படிகம் வரும். சேறு எவ்வளவு, பொருள் எவ்வளவு என்றும் அப்போதே தெரிந்துவிடும்.

தூய்மையைப் பார்க்க முதலில் உருகுநிலை, சுமார் 180 டிகிரி. அகச்சிவப்பு நிறமாலையில் 1570, 1520 செ.மீ.⁻¹ அருகே இரு வலிய பட்டைகள் வேண்டும், 1700-க்கு மேல் தனி கீட்டோன் பட்டை இருக்கக்கூடாது. 3400 அருகே அகன்ற மேடு தெரிந்தால் பொருளைக் குறை சொல்லுமுன் பொட்டாசியம் புரோமைடு வில்லையைச் சந்தேகியுங்கள். இங்குள்ள ஈரத்தில் அது தண்ணீரை இழுத்துக்கொள்ளும். வில்லை இல்லாமல் தூளையே நேராக அளக்கும் ஏ.டி.ஆர். கருவி இருந்தால் அந்தத் தொல்லையே இல்லை. என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலை எடுத்துப் பயனில்லை. இரும்பில் ஐந்து இணையற்ற எலக்ட்ரான்கள் இருப்பதால் உச்சிகள் அகன்று இடம் பெயர்ந்துவிடும். மாறாகக் காந்தத் திருப்புத்திறனை அளந்தால் 5.9 போர் மேக்னட்டான் அருகே வரும், அதுவே நல்ல சான்று. ஆய்வறிக்கைக்கு என்.எம்.ஆர். கட்டாயம் என்றால் அலுமினியச் சேர்மத்தையும் செய்யுங்கள். 2.0 பி.பி.எம்.-இல் மெத்தில், 5.5 பி.பி.எம்.-இல் நடு ஹைட்ரஜன் என்று இரண்டே உச்சிகள், மிகச் சுத்தமாகத் தெரியும்.

குர்குமின் நல்ல யோசனை, அதன் நடுவில் இருப்பதும் இதே பீட்டா-டைகீட்டோன் அமைப்புத்தான், அதாவது நடுவே ஒரு கார்பன் விட்டு இரு கார்பனைல்கள். ஆனால் டேக்கா சந்தையில் வாங்கும் மஞ்சள்தூளை நேரே பயன்படுத்தாதீர்கள். அதில் குர்குமினாய்டுகள் (குர்குமினும் அதை ஒத்தவையும்) மூன்று உண்டு, பிரிக்காமல் உலோகம் சேர்த்தால் கலவைதான் கிடைக்கும், தனிமப் பகுப்பாய்வு எந்த வாய்பாட்டோடும் ஒத்துவராது. நிறப்பிரிகைக் குழாயில் பிரித்தெடுங்கள், அல்லது தூய பொருளாக வாங்குங்கள். நீரில் கரையாது என்பதால் எத்தனாலில் செய்ய வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடு இங்கே அறவே கூடாது. இரு முனைகளிலும் உள்ள பீனால்கள் புரோட்டானை இழக்கும், குர்குமினும் காரத்தில் விரைவாகச் சிதையும். செம்பு அசிட்டேட்டில் தொடங்குங்கள், வேண்டிய மென்காரம் அந்த உப்பிலேயே இருக்கிறது.