வாசகர் கேள்வி – பதில்: 'பல்லிக்கூடம்' என்று எழுதும் மகன்

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் கட்டுரையில் 'பல்லிக்கூடம்', 'மலை பெய்தது' என்றெல்லாம் எழுதுகிறான். வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில்தான் தமிழ் அடிக்கிறான். போனைப் பிடுங்கி வைத்தால் சரியாகுமா?
– ஒரு தாய், திருமங்கலம்

பதில்: அதனால் மட்டும் சரியாகாதும்மா. அவனுடைய பழைய விடைத்தாள்களை எடுத்துப் பிழைகளை வகை பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் ல-ள-ழ, ர-ற, ந-ன-ண இவற்றில்தான் குவிந்திருக்கும். ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது லகரத்துக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை. ந-ன-ண மூன்றுக்கும் ஒரே விசை. அதைத் தமிழாக மாற்றித் தரும் விசைப்பலகையிலும் சொல்லைப் போன்தான் எடுத்துக் கொடுக்கிறது. பையன் முதலில் வருவதைத் தொட்டுவிட்டுப் போகிறான். எந்த ளகரம் என்று அவன் யோசிப்பதே இல்லை. பழியை முழுக்கப் போன் மேல் போடவும் முடியாது. நம் மதுரைப் பக்கம் பலர் வாயில் வாழைப்பழமே 'வாளப்பளம்'தான்.

போனில் ஜிபோர்டு என்ற விசைப்பலகைச் செயலி இருந்தால், அதன் அமைப்புகளில் 'மொழிகள்' பகுதிக்குப் போய், தமிழ் எழுத்துகளே விசையாகத் தெரியும் பலகையைச் சேர்த்துவிடுங்கள். ஆங்கில எழுத்திலிருந்து மாற்றித் தருவதை நீக்கிவிடுங்கள். முதல் வாரம் வேகம் குறையும், எரிச்சல் வரும். பழையது இருந்தால் அதற்கே திரும்பிவிடுவான். குடும்பக் குழுவிலாவது தமிழ் எழுத்தில்தான் எழுதுவது, குரல் பதிவு கிடையாது என்று பேசி வையுங்கள்.

அடுத்து, தினமும் செய்தித்தாளிலிருந்து 10 வரி சொல்லி எழுத வைக்க வேண்டும். முதலில் முழுதாக ஒருமுறை வாசியுங்கள். பிறகு நாலைந்து சொல்லாகப் பிரித்துச் சொல்லுங்கள். ழகரத்தை நாக்கை மடித்துச் சரியாக உச்சரியுங்கள். ஆனால் 'இது சிறப்பு ழகரம்' என்று எடுத்துக் கொடுக்காதீர்கள். எழுதியதை அச்சோடு ஒப்பிட்டு அவனே சிவப்பு மையில் திருத்தட்டும். தவறிய சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்வதில் பலன் குறைவு. மூன்றாவது முறைக்குமேல் கை மேலே இருப்பதைப் பார்த்து எழுதுமே தவிர, மனம் அதில் இருக்காது. குழம்பும் இரு சொற்களையும் ஒரே வாக்கியத்தில் வைத்து அவனே எழுதட்டும்: 'மழை பெய்ததால் மலை தெரியவில்லை.' மறுநாள் அந்த வாக்கியத்தையே பார்க்காமல் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கும் மகள் பாடங்களைப் போனில் பிடிஎஃப்பாகவே படிக்கிறாள். புத்தகம்தான் நல்லதா?
– வாசகர், மேலூர்

பதில்: பாடத்துக்குப் புத்தகம்தான். 2018-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தகவல் நிறைந்த பகுதிகளைத் திரையைவிடத் தாளில் படித்தவர்களே நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நேரக்கட்டுப்பாடு இருந்தபோது வித்தியாசம் இன்னும் கூடியது. கதை படிப்பதில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே கதை போனில் இருக்கட்டும், பாடத்தை அச்செடுத்துக் கொடுங்கள். போனை வேறு அறையில் வைத்துவிட்டு 15 நிமிடம் படித்து, தாளை மூடிவிட்டு, படித்ததை மூன்று வரியில் எழுதச் சொல்லுங்கள். மூன்று வரி வராவிட்டால் கண் ஓடியிருக்கிறது, மனம் ஓடவில்லை. அந்தப் பகுதியை மட்டும் திரும்பப் படிக்கட்டும். விடுமுறையில் நத்தம் சாலைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். எதைப் படிப்பது என்பதை அவளே முடிவு செய்யட்டும்.