ஈவா டைக்ஸ் முதல் ஆளா, மூணாவது ஆளா?

கேள்வி: என் பொண்ணு பி.ஏ. இங்கிலீஷ் செகண்ட் இயர். பேச்சுப்போட்டிக்கு ஈவா டைக்ஸ்ங்கிற அமெரிக்க கறுப்பினப் பேராசிரியரைப் பத்தி பேசப்போறா. "பிஎச்.டி. வாங்கின முதல் கறுப்பினப் பெண்"னு எழுதி வச்சிருந்தா, அவ மேடம் அது தப்பு, சேடி அலெக்சாண்டர்தான் முதல்னு சொல்லிட்டாங்க. நெட்ல தேடினா மூணாவதா ஒரு பேர் வருது. தெரிஞ்சவர் ஒருத்தர் 800 ரூபா கொடுத்தா ரெடிமேட் ஸ்பீச் தர்றேங்கறார். வாங்கிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதல்ல சொல்லிடறேன், வாங்காதீங்க. ஏன்னு அப்புறம் வர்றேன், அதுல எனக்குக் கொஞ்சம் கோபமே இருக்கு.

உங்க பொண்ணு எழுதினதும் முழுத் தப்பு இல்ல, மேடம் சொன்னதும் முழுசா சரி இல்ல. 1921 ஜூன் மாசத்துல, ஒன்பது நாளுக்குள்ள, மூணு கறுப்பினப் பெண்கள் பிஎச்.டி. வாங்கினாங்க. 14ஆம் தேதி சிகாகோ யுனிவர்சிட்டில ஜார்ஜியானா சிம்ப்சன், ஜெர்மன் மொழியில. 15ஆம் தேதி பென்சில்வேனியாவுல சேடி மோசல், எகனாமிக்ஸ்ல. 22ஆம் தேதி ராட்கிளிஃப் காலேஜ்ல நம்ம டைக்ஸ், இங்கிலீஷ்ல. இந்த மோசலும் அலெக்சாண்டரும் ஒரே ஆள்தான், 1923ல கல்யாணம் ஆகி பேர் மாறிச்சு, இது தெரியாம ரெண்டு பேரையும் தனித்தனியா எண்ணி நாலு பேர்னு எழுதறவங்களும் இருக்காங்க.

அப்போ டைக்ஸ் மூணாவதுதானேன்னு கேப்பீங்க. இங்கதான் ஒரு விஷயம் இருக்கு, பொறுமையா கேளுங்க. பட்டத்தைக் கையில வாங்கின தேதி வேற, அதுக்கான வேலையெல்லாம் முடிச்ச தேதி வேற. நம்ம ஊர்ல வைவா முடிச்சிட்டு கான்வகேஷன் எப்ப வரும்னு காத்துக்கிட்டு கிடப்போமே, அதே கதைதான் (எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு, அதுவரைக்கும் ப்ரொவிஷனலை ஜெராக்ஸ் போட்டே தேஞ்சு போச்சு, ஆபீஸ்ல கேட்டா "லிஸ்ட் வரல"ம்பாங்க). டைக்ஸ் தீசிஸ், பரீட்சை எல்லாத்தையும் மத்த ரெண்டு பேருக்கும் முன்னாடியே முடிச்சிட்டாங்க. ராட்கிளிஃப் பட்டமளிப்பு விழா கடைசியா வந்ததால பட்டம் கடைசியா கைக்கு வந்துச்சு, அவ்வளவுதான். அதனால "பிஎச்.டி.க்கான தகுதிகளை முதலில் முடித்த கறுப்பின அமெரிக்கப் பெண்"னு சொன்னா யாரும் குறை சொல்ல முடியாது. "பட்டம் வாங்கின முதல் பெண்"னு சொன்னா அது சிம்ப்சன். "எகனாமிக்ஸ்ல முதல் பிஎச்.டி."ன்னா அது மேடம் சொன்ன சேடி. இந்த மூணு வாக்கியத்தையும் பொண்ணு மனப்பாடம் பண்ணிக்கட்டும், மேடம்கிட்டயும் மரியாதையா காட்டட்டும்.

இப்போ அந்த 800 ரூபா ஆள். போன வருஷம் ஒரு போட்டிக்கு நான் நடுவரா போயிருந்தேன். மூணு பசங்க, மூணு வேற காலேஜ், ஒரே ஸ்பீச், ஒரே இடத்துல ஒரே "அவர் கண்ணீரோடு சொன்னார்". அப்படி ஒரு வரியை அந்த ஸ்பீச்சுல வர்ற அம்மா எங்கயும் சொன்னதா நான் பார்த்ததே இல்ல. ஸ்லைடுல போட்ட போட்டோவும் வேற ஒருத்தரோடது. இந்த ஆளுங்க பண்றது ரொம்ப சிம்பிள், நாலு சைட்ல இருந்து வெட்டி ஒட்டி, நடுவுல ஒரு பொன்மொழியைத் தானே எழுதி, மேற்கோள் குறி போட்டுடுவாங்க. மாட்டறது மேடையில நிக்கற பிள்ளை. இதுல காலேஜ் மேலயும் தப்பு இருக்கு, மார்க் ஷீட்ல "சாதனை"க்குன்னு ஒரு கட்டம், அந்தக் கட்டத்துல "முதல்"னு ஒரு வார்த்தை விழலன்னா மார்க் போட கை வராது. மூணாவதா வந்தவங்களுக்கு வாழ்க்கையே இல்லியா என்ன?

டைக்ஸ் வாழ்க்கையில "முதல்"ங்கறதை விட சொல்ல வேண்டியது நிறைய இருக்கு. வாஷிங்டன்காரங்க. எம் ஸ்ட்ரீட்னு கறுப்பினப் பிள்ளைங்களுக்கான ஹைஸ்கூல்ல 1910ல முடிச்சாங்க. ஹோவர்ட் யுனிவர்சிட்டில (ஹார்வர்டு வேற, இது கறுப்பினப் பிள்ளைங்களுக்கான யுனிவர்சிட்டி) 1914ல பி.ஏ., அதுவும் உச்சபட்ச தரத்துல. ஒரு வருஷம் நாஷ்வில்ல வால்டன்ங்கிற காலேஜ்ல பாடம் எடுத்துட்டு மேல படிக்க ராட்கிளிஃப் போறாங்க. அந்தக் காலத்துல ஹார்வர்டு பொண்ணுங்களைச் சேக்காது, பக்கத்துல ராட்கிளிஃப்னு தனியா ஒரு காலேஜ் இருந்துச்சு. அங்க என்ன சொன்னாங்க தெரியுமா, உங்க ஹோவர்ட் டிகிரி எங்களுக்குச் செல்லாது, திரும்ப பி.ஏ. படிங்கன்னாங்க. படிச்சாங்க! 1917ல ரெண்டாவது பி.ஏ., அதுவும் டிஸ்டிங்ஷனோட, அடுத்த வருஷம் எம்.ஏ., 1921ல டாக்டர் பட்டம். ஆய்வு, கவிஞர் அலெக்சாண்டர் போப்போட தாக்கம் அமெரிக்காவுல 1715ல இருந்து 1850 வரைக்கும் எப்படி இருந்துச்சுன்னு. ஸ்பீச்ல இந்த ரெண்டாவது பி.ஏ. இடத்துல நிதானமா நிக்கச் சொல்லுங்க, கேக்கறவங்களுக்கு அது தன்னாலயே உறைக்கும்.

அவ்வளவு படிச்சும் வேலை? எம் ஸ்ட்ரீட்டோட புது அவதாரமான டன்பார் ஹைஸ்கூல்லதான். டாக்டர் பட்டம் வாங்கின பிறகும் எட்டு வருஷம் ஸ்கூல் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ், 1929லதான் ஹோவர்ட்ல சேர்ந்தாங்க. 1942ல "இங்கிலீஷ் ரொமான்டிக் சிந்தனையில் நீக்ரோ"ங்கிற அர்த்தத்துல ஒரு புத்தகம் போட்டாங்க, அடிமை முறையைப் பத்தி அந்தக் காலத்து எழுத்தாளர்கள் என்ன நினைச்சாங்கன்னு பாக்கற புத்தகம் (தலைப்புல இருக்கற அந்த வார்த்தை அந்தக் காலத்து வழக்கு, இப்போ பொதுவா யாரும் சொல்றதில்ல, தலைப்பைச் சொல்லும்போது மட்டும் சொல்லட்டும்). 1944ல ஹோவர்டை விட்டுட்டு அலபாமாவுல ஹன்ட்ஸ்வில் பக்கம் ஓக்வுட்னு சின்ன அட்வென்டிஸ்ட் சர்ச் காலேஜுக்குப் போயிட்டாங்க. அங்க டாக்டர் பட்டம் வச்சிருந்த முதல் ஆசிரியர் இவங்கதான், வேணும்னா இந்த "முதல்"ஐயே அந்த மார்க் கட்டத்துக்குக் கொடுத்துடுங்க. 1946ல அங்க ஏயோலியன்ஸ்னு ஒரு பாட்டுக் குழு ஆரம்பிச்சாங்க, அந்தக் குழு இன்னைக்கும் பாடிட்டு இருக்கு, யூடியூப்ல கிடைக்கும். ஸ்பீச்சுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் போட்டுக் காட்டலாம், மேடம் ஒத்துக்கிட்டா.

நேர வரம்பு அஞ்சு நிமிஷம்னா மத்த ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு வரி போதும். சிம்ப்சனுக்கு, 1907ல சிகாகோ ஹாஸ்டல்ல இருந்து வெள்ளைக்காரப் பொண்ணுங்க சிலரோட புகாரால யுனிவர்சிட்டி பிரசிடென்ட் ஜட்சன் அவங்களைக் காலி பண்ண வச்சதைச் சொல்லலாம். சேடிக்கு, எகனாமிக்ஸ் வேலை கிடைக்காம திரும்பப் போய் சட்டம் படிச்சதை. பி.ஏ. பட்டம் வாங்கின முதல் கறுப்பினப் பெண்ணுன்னு வந்தா அது 1862ல ஓபர்லின் காலேஜ்ல மேரி ஜேன் பேட்டர்சன், அதை இதோட போட்டுக் குழப்பிக்க வேணாம். ஒரு சின்ன கார்டுல 14, 15, 22ன்னு மூணு தேதியும் எழுதி கையில வச்சுக்கட்டும், நடுவர் யாராவது குறுக்க கேட்டா பார்த்துச் சொல்லிக்கலாம். ஆள் போட்டோவை மட்டும் ஓக்வுட்டோட (இப்போ அது யுனிவர்சிட்டி) சொந்த சைட்ல இருந்து எடுக்கச் சொல்லுங்க.