ஜப்பானியத் தேநீர் அறையை ஏன் இவ்வளவு இருட்டாகக் கட்டுகிறார்கள், அந்த வெளிச்சத்தில் அப்படி என்ன அழகு?

பெரிய ஜன்னல் வைத்தால் தோட்டமும் தெரியும், வெளிச்சமும் வருமே என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒசாகாவில் வேலை பார்த்துக்கொண்டே, விருந்தாளிகளுக்கு முறைப்படி தேநீர் பரிமாறும் சடங்கைக் கற்கிறேன், அதனால் இந்த அறைகளில் நிறைய நேரம் உட்கார்ந்திருக்கிறேன். என் பதில் இதுதான்: இருட்டு அவர்களுடைய நோக்கமே இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து, எந்த நேரத்தில், எவ்வளவு வெளிச்சம் வரவேண்டும் என்று விருந்து கொடுப்பவர் யோசித்து வைக்கிறார். தேநீரைப் போலவே வெளிச்சத்தையும் அங்கே பரிமாறுகிறார்கள்.

கியோட்டோவுக்குப் பக்கத்தில் யமாசாகியில் மியோகி-ஆன் என்ற கோயிலில் தை-ஆன் என்று ஓர் அறை இருக்கிறது. சென் நோ ரிக்யூ என்ற தேநீர் ஆசான் 1582 வாக்கில் கட்டியது என்று சொல்லப்படுவது, இன்று ஜப்பானின் தேசியச் செல்வங்களில் ஒன்று. விருந்தாளியும் விருந்து கொடுப்பவரும் உட்காரும் இடம் வெறும் இரண்டு தாத்தாமி பாய், ஏறத்தாழ 35 சதுர அடி. அதற்கு முன்பு பெரிய வீடுகளின் வரவேற்பு அறைகளில் தூணுக்குத் தூண் காகிதக் கதவு இருக்கும், ஒரு பக்கம் முழுவதும் திறந்த மாதிரி வெளிச்சம் வரும். ரிக்யூ சுற்றிலும் மண்சுவர் வைத்தார். மண்சுவர் என்றால் இருட்டுதானே என்று தோன்றும், ஆனால் மண்சுவரில்தான் ஜன்னலை எங்கே வேண்டுமானாலும், எந்த அளவிலும் வைக்க முடியும். தை-ஆனின் கிழக்குச் சுவரில் இருக்கும் இரண்டு ஜன்னல்கள் அளவிலும் உயரத்திலும் ஒன்றுபோல இல்லை.

அந்த ஜன்னல் செய்யும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சுவருக்கு உள்ளே நாணலும் மூங்கில் பிளாச்சும் வைத்துக் கட்டிய தட்டி இருக்கும், அதன்மேல்தான் மண் பூசுவார்கள். ஜன்னல் வேண்டிய இடத்தில் மண் பூசாமல் விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். உட்பக்கம் ஷோஜி என்கிற காகிதச் சட்டம் வரும். வெளியே வெயில் அடித்தால் அந்த நாணல்களின் நிழல் காகிதத்தில் விழும், மேகம் வந்தால் மங்கி மறையும். காகிதத்தில் பட்ட வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறுவதால் உள்ளே எதற்கும் கூர்மையான நிழல் கிடையாது. ஜன்னலிலிருந்து சுவரின் அடுத்த மூலைக்குப் போகப் போக, வெளிச்சம் எந்த இடத்தில் முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. தை-ஆனில் டோகோனோமா என்கிற மாடத்தின் உள்மூலைகளையும் மேற்கூரையையும் மண் பூசி மழுக்கியிருக்கிறார்கள், கோடே தெரியாது. அந்த மங்கலில் மாடம் எவ்வளவு ஆழம் என்று கண்ணுக்குப் பிடிபடாது. சின்ன அறைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

சரி, பரிமாறுவது என்று சொன்னேனே. முழு விருந்து ஏறத்தாழ நாலு மணி நேரம். முதல் பாதியில் ஜன்னல்களுக்கு வெளியே சுதாரே என்ற தட்டித் திரை தொங்கும். சாப்பாடு முடிந்து விருந்தாளிகள் கொஞ்ச நேரம் தோட்டத்துக்குப் போவார்கள், அதற்குள் மாடத்தில் இருந்த எழுத்துச் சுருளை எடுத்துவிட்டுப் பூ வைப்பார்கள். இந்த இரண்டாம் பாதியில்தான் திரையை எடுப்பது. சில இடங்களில் நாம் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே வெளியிலிருந்து ஒருவர் திரையைச் சுருட்டுவார், ஒவ்வொரு ஜன்னலாக அறை தெளிந்துகொண்டே வரும். யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். ராகு என்கிற கருப்பு மண்கிண்ணத்துக்குள் மட்சா என்ற கெட்டியான தூள் தேநீரின் பச்சை அப்போதுதான் முழுசாக எழுந்து வரும். குளிர்காலத்தில் விடியலுக்கு முன்பே தொடங்கும் விருந்தும் உண்டு. எண்ணெய் விளக்கில் ஆரம்பித்து, விடியத் தொடங்கியதும் கூரையில் இருக்கும் சின்னக் கதவைக் குச்சியால் தூக்கி நிறுத்தி விடியலையே உள்ளே விடுவார்கள்.

எல்லாரும் ரிக்யூ மாதிரியே செய்தார்கள் என்று நினைக்க வேண்டாம். இப்போது இனுயாமாவில் இருக்கும் ஜோ-ஆன், போர்த்தலைவர் ஓதா நோபுநாகாவின் தம்பி ஓதா உராகு கட்டியது, அங்கே ஜன்னலுக்கு வெளியே மூங்கில்களை இடைவெளியே இல்லாத மாதிரி நெருக்கி அடுக்கியிருப்பார்கள், கீற்றுக் கீற்றாகத்தான் வெளிச்சம் நுழையும்.

மின்விளக்கு போட்டால் என்ன குறை என்பதற்கு இதிலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மேலிருந்து ஒரே அளவில் கொட்டும் வெளிச்சத்தில் மண்சுவரில் கலந்த வைக்கோல் துணுக்கு, கிண்ணத்தின் மேடு பள்ளம் எல்லாம் தட்டையாகிவிடும். அந்தச் சுவரும் கிண்ணமும் பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்துக்காகச் செய்தவை.

தை-ஆனைப் பார்க்க ஆசை என்றால் முன்கூட்டியே கோயிலுக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும், அறைக்குள் ஏற விடமாட்டார்கள், வாசலில் இருந்துதான் பார்க்கலாம். அதே ஊரின் வரலாற்று அருங்காட்சியகத்தில் அசல் அளவிலேயே ஒரு மாதிரி அறை இருக்கிறது. ஆனால் வெளிச்சத்துக்காகப் போகிறீர்கள் என்றால், ஏதாவது ஒரு கோயிலில் பகல் நேரத் தேநீர் விருந்தில் இடம் கேட்டு, விளக்கில்லாத அறையில் அரைமணி நேரமாவது உட்காருங்கள். உள்ளே போனதும் ஒன்றும் தெரியவில்லையே என்று தோன்றும், கண் பழகக் கொஞ்சம் நேரம் கொடுங்கள், அதற்கு முன் போனை எடுக்காதீர்கள்.